கேட்டு வாங்கிய இடம்: சி மொழியில் ஓர் அடுக்கும் அதன் நினைவகமும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை செட். சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள் பறித்த பசுந்தேயிலை, மதியம் மூன்று மணியிலிருந்து அங்கே வந்து சேரும். தராசில் சாக்கு ஏறும், எடையைச் சொல்வார்கள், நோட்டில் எழுதுவார்கள், இருட்டுவதற்குள் ஃபேக்டரி லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த செட்டை நடத்துகிறவர் என் மாமா. ஒருமுறை ஊருக்குப் போனபோது கேட்டார்: "மாப்ளே, தப்பாப் போட்ட எடையை அடிச்சு அடிச்சு எழுதி நோட்டே நாசமாப் போச்சு. கடைசியாப் போட்டதை மட்டும் திரும்ப எடுக்கற மாதிரி கம்ப்யூட்டர்ல ஒண்ணு செஞ்சு குடேன்."

கடைசியாகப் போட்டதை முதலில் எடுப்பது என்றால் அது ஸ்டாக், பாடப்புத்தகத் தமிழில் அடுக்கு. பிக்கப் வண்டியில் சாக்கு ஏற்றுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்கதவு ஒன்றுதான் இருப்பதால் கடைசியாக ஏறிய சாக்குதான் முதலில் இறங்கும். மேலே வைப்பதற்குப் 'புஷ்', மேலிருந்து எடுப்பதற்குப் 'பாப்' என்று பெயர். வேலை இவ்வளவுதான். செட்டில் இருந்தது பழைய கம்ப்யூட்டர், எனக்கு நன்றாகப் பழகிய மொழி சி. ஒரே இரவில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எடைகளுக்கு 100 இடம் கொண்ட ஓர் அர்ரே, அதாவது அடுத்தடுத்த இடங்களின் வரிசை, அதற்கு அடுத்து அன்றைய மொத்தம். இரண்டும் ஒரே ஸ்ட்ரக்டுக்குள், பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே மூட்டைக்குள். ஒரு நாளில் நூறு சாக்குக்கு மேல் வராது என்று மாமா சொல்லியிருந்தார்.

கோடை மழை பெய்து, அதன்மேல் நாலு நாள் வெயிலும் அடித்தால் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும். அப்படி ஒரு சாயங்காலம் 101-ஆவது சாக்கு தராசில் ஏறியது. எடை 23 கிலோ. அதுவரை இரண்டாயிரத்துச் சொச்சம் என்று காட்டிக்கொண்டிருந்த மொத்தம், சட்டென்று 46 என்று காட்டியது.

இந்த 46 எப்படி வந்தது என்று பார்த்தாலே சி மொழியின் குணம் பாதி புரிந்துவிடும். நூறு இடம் உள்ள அர்ரேயில் 101-ஆவது இடம் என்று ஒன்று இல்லை. ஆனால் சி அதைத் தடுப்பதில்லை. அர்ரேயின் தொடக்க முகவரியிலிருந்து நூறு வீடு தள்ளி எண்ணிப் போய், அங்கே என்ன இருக்கிறதோ அதன்மேல் 23 என்று எழுதியது. அங்கே இருந்தது மொத்தம். அப்புறம் அடுத்த வரி, வழக்கம்போல மொத்தத்தோடு 23-ஐக் கூட்டியது. 23-உம் 23-உம் 46. புரோகிராம் நிற்கவில்லை, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இப்படி எல்லை மீறினால் என்ன நடக்கும் என்று சி மொழியின் தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நாம் எழுதியதைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் வேறாக இருந்திருந்தால் வேறொன்று நடந்திருக்கலாம். அன்றைக்கு நோட்டில் இருந்த எடைகளை வைத்து மொத்தத்தைக் கையால் கூட்டிச் சரிசெய்தோம். புரோகிராமை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

100 என்பதை 10,000 ஆக்கிவிட்டால் தீராதா? அந்த செட்டுக்குத் தீர்ந்திருக்கும். ஆனால் அது விடை அல்ல, இன்னொரு ஊகம். ஊகம் பெரிதாக இருந்தால் இடம் வீண், சிறிதாக இருந்தால் மறுபடியும் 46. அதுமட்டுமல்ல, செயற்கூறுக்குள் (ஃபங்ஷன்) அறிவிக்கும் அர்ரேக்கள் உட்காரும் இடத்துக்கும் ஓர் அளவு உண்டு. லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. அதைத் தாண்டினால் புரோகிராம் அங்கேயே விழும். குழப்பம் என்னவென்றால், அந்த இடத்தின் பெயரும் ஸ்டாக்தான். ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைக்கும்போது அதன் உள்மாறிகள் மேலே ஏறுகின்றன, வேலை முடிந்ததும் இறங்குகின்றன. இந்த யோசனைக்கு வயது அதிகம். ஆலன் டியூரிங் 1946-இல் எழுதிய கணினி வடிவமைப்பு அறிக்கையில், துணைவேலைக்குப் போவதைப் புதைத்தல் என்றும் திரும்புவதைத் தோண்டியெடுத்தல் என்றும் பொருள்படும் சொற்களால் குறித்தார். ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் பவுவரும் கிளாவுஸ் சாமல்சனும் 1957-இல் அடுக்குக் கொள்கைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அவர்கள் அதை நிலவறை என்று அழைத்தார்கள். நாம் கட்டப்போவது இந்த அழைப்பு அடுக்கை அல்ல. நம் எடைகளை வைக்கும் அடுக்கைத்தான். அதற்கு இடம் வேறொரு பகுதியிலிருந்து வரவேண்டும். அந்தப் பகுதிக்கு ஹீப் என்று பெயர்.

ஹீப்பில் இடம் தானாகக் கிடைக்காது, கேட்டு வாங்கவேண்டும். அதேபோலத் தானாகத் திரும்பியும் போகாது. ஜாவாவிலோ பைத்தானிலோ எழுதுகிறவர்கள் பயன்படுத்திய இடத்தை அப்படியே விட்டுவிடலாம், கூட்டிப் பெருக்க ஆள் இருக்கிறது. டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சி மொழியில் அந்த ஆள் இல்லை. மாலக் இடம் வாங்கித் தரும். காலக் வாங்கி, பூஜ்யத்தால் நிரப்பித் தரும். ரீஆலக் இருக்கும் இடத்தின் அளவை மாற்றித் தரும். ஃப்ரீ திருப்பிக் கொடுக்கும். பெரும்பாலும் தேவைப்படுபவை இந்த நான்கு பெயர்கள்தான்.

இதை எஸ்டேட் லைன் வீடுகளை வைத்து யோசித்தால் மனதில் நிற்கிறது. ஒரு குடும்பம் எஸ்டேட் ஆபீஸில் வீடு கேட்கிறது. ஆபீஸ் ஒரு லைனில் மூன்று அறை ஒதுக்கி, கதவு எண்ணைத் தருகிறது. அந்தக் கதவு எண்தான் பாயின்டர். வீட்டைக் காலி செய்யும்போது எண்ணைச் சொன்னால் போதும், எத்தனை அறை என்று ஆபீஸின் பதிவேட்டில் இருக்கிறது. ஃப்ரீக்கு நாம் அளவைச் சொல்லாததும் அதனால்தான். லினக்ஸில் பரவலாக இருக்கும் குனு சி லைப்ரரி அந்தப் பதிவேட்டை எங்கே வைக்கிறது தெரியுமா? நமக்குக் கொடுத்த இடத்துக்குச் சற்று முன்னால், அதே வரிசையில். அதாவது நம் கடைசி அறையைத் தாண்டி ஒரு சுவரை இடித்தால், நாம் இடிப்பது பெரும்பாலும் பக்கத்துவீட்டின் பதிவேட்டை. அதன் பலன் உடனே தெரியாது. அந்தப் பக்கத்து வீட்டைக் காலி செய்யும் நேரத்தில், எங்கேயோ ஒரு ஃப்ரீயில் புரோகிராம் விழும். விழுந்த வரியைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம், தப்பு நடந்த வரி வேறெங்கோ இருக்கும்.

சரி, அடுக்குக்கு வருவோம். வளரக்கூடிய அடுக்குக்கு மூன்று தகவல் போதும்: தரவு எங்கே இருக்கிறது, இப்போது எத்தனை உருப்படி உள்ளே இருக்கிறது, எத்தனைக்கு இடம் இருக்கிறது. தொடக்கத்தில் முகவரி நல், அதாவது எந்த இடத்தையும் சுட்டாத வெற்று முகவரி, மற்ற இரண்டும் பூஜ்யம். முதல் இடத்தை வாங்கத் தனியாக மாலக் எழுதவேண்டியதில்லை. ரீஆலக்கிடம் நல் கொடுத்தால் அது மாலக் போலவே நடந்துகொள்ளும். புஷ் செய்யும்போது இடம் நிறைந்திருந்தால் வளர்க்கவேண்டும். எவ்வளவு வளர்ப்பது என்பதில்தான் நான் முதலில் சறுக்கினேன். தேவைப்பட்டபோது ஓர் இடம் கூட்டினால் போதும், ஒன்றும் வீணாகாது என்று நினைத்தேன்.

ரீஆலக் என்ன செய்கிறது என்று பாருங்கள். குடும்பம் பெரிதாகிவிட்டது, இன்னோர் அறை வேண்டும் என்கிறது. பக்கத்து அறை காலியாக இருந்தால் நடுச்சுவரைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது, கதவு எண் மாறாது. காலியாக இல்லாவிட்டால் வேறு லைனில் பெரிய வீடு பார்த்து, பாத்திரம் பண்டமெல்லாம் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அறை மட்டும் கூட்டிக் கேட்கிறவர், மோசமான நிலையில், ஒவ்வொரு முறையும் வீடு மாற்றுகிறார். 1,000 எடைகளை இப்படி ஏற்றினால் 0, 1, 2 என்று தொடங்கி 999 வரை கூட்ட வேண்டும். 4,99,500 நகல்கள். இதையே 8 இடத்தில் தொடங்கி, நிறையும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால் 8, 16, 32 என்று போய் 1,024-இல் நிற்கும். வீடு மாற்றுவது ஏழே முறை, நகல்கள் மொத்தம் 1,016. ஐந்து லட்சத்துக்குப் பதில் ஆயிரம். எத்தனை லட்சம் உருப்படி ஏற்றினாலும் சராசரியாக ஒரு புஷ்ஷுக்கு இரண்டு நகலைத் தாண்டாது. எப்போதாவது ஒரு புஷ் மட்டும் மெதுவாக இருக்கும், மற்றவை எல்லாம் அதன் செலவைச் சீட்டுப் பணம் போல முன்கூட்டியே கட்டிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு விலை உண்டு. இரட்டிப்பான உடனே பார்த்தால் கிட்டத்தட்டப் பாதி இடம் காலியாகக் கிடக்கும். அதனால் சிலர் ஒன்றரை மடங்காக வளர்க்கிறார்கள். அதில் இன்னொரு லாபமும் சொல்வார்கள்: இரட்டிப்பில் இதுவரை காலி செய்த வீடுகள் அத்தனையையும் சேர்த்தாலும் அடுத்த வீட்டுக்குப் போதாது, 1, 2, 4, 8 சேர்ந்தால் 15 தான், தேவை 16. ஒன்றரை மடங்கில் சில மாற்றங்களுக்குப் பிறகு பழைய இடங்களே சேர்ந்து புதிய வீட்டுக்குப் போதுமானதாகலாம். சி++ உலகில் மைக்ரோசாஃப்டின் வெக்டர் ஒன்றரை மடங்கு, குனுவின் வெக்டர் இரண்டு மடங்கு. ஒரு தேயிலை செட்டின் கணக்குக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் இரண்டையே வைத்துக்கொண்டேன்.

ரீஆலக்கில் எல்லாரும் ஒருமுறையாவது எழுதிவிடும் ஒரு வரி உண்டு. வந்த முகவரியை நேராகப் பழைய பாயின்டரிலேயே போட்டுக்கொள்வது. இடம் கிடைக்காவிட்டால் ரீஆலக் நல் என்று திருப்பும், பழைய வீட்டைத் தொடாது. ஆனால் நாம் பழைய கதவு எண்ணின்மேல் நல் என்று எழுதிவிட்டோம். வீடு இருக்கிறது, பாத்திரமெல்லாம் உள்ளே இருக்கிறது, எண்ணை மட்டும் தொலைத்துவிட்டோம். அன்றைய எடைகள் அத்தனையும் போச்சு, அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழி இல்லை. அதனால் புஷ்ஷின் உள்ளே வரிசை இப்படி இருக்கவேண்டும்:

கொள்ளளவு நிறைந்ததா? ஆம் என்றால்,
    புதியகொள்ளளவு = கொள்ளளவு பூஜ்யமானால் 8, இல்லையேல் கொள்ளளவு × 2
    தற்காலிகம் = ரீஆலக்(தரவு, புதியகொள்ளளவு × ஓர் உருப்படியின் அளவு)
    தற்காலிகம் நல் என்றால், தோல்வி என்று திருப்பு
    தரவு = தற்காலிகம்
    கொள்ளளவு = புதியகொள்ளளவு
தரவு[எண்ணிக்கை] = எடை
எண்ணிக்கையை ஒன்று கூட்டு

தோல்வி என்று திருப்பும்போது அடுக்கு முன்பு இருந்த நிலையிலேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். புஷ்ஷை அழைத்தவர் அந்தத் தோல்வியைப் பார்த்து, 'இனி நோட்டில் எழுதுங்கள்' என்று திரையில் காட்டலாம், அதுவரை ஏறிய எடைகள் பத்திரமாக இருக்கும். லினக்ஸ் இடம் இல்லாவிட்டாலும் இருப்பதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பயன்படுத்தும் நேரத்தில் புரோகிராமைக் கொல்வதும் உண்டு. அதனால் நல் சோதனையே வேண்டாம் என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லை. லினக்ஸின் இந்த வழக்கத்தை அணைத்துவைக்கலாம், ஒரு புரோகிராமுக்கு இவ்வளவுதான் நினைவகம் என்று வரம்பும் கட்டலாம். அங்கெல்லாம் நல் வரத்தான் செய்யும்.

அந்தப் பெருக்கலிலும் இரண்டு பள்ளங்கள். ஒன்று, பெருக்கலின் விடை எண்ணின் எல்லையைத் தாண்டுவது. 32 பிட் கணினியில் நூற்றேழு கோடிச் சொச்சம் உருப்படிகளை நான்கு பைட்டால் பெருக்கினால் விடை சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கே வந்துவிடும். காலக் இதைத் தானே பார்த்துக்கொள்ளும், ரீஆலக்குக்கு நாம்தான் பெருக்கும் முன் சோதிக்கவேண்டும். இன்னொன்று எனக்கே நடந்தது. மாமா டிஜிட்டல் தராசு வாங்கினார், 23 கிலோ என்பது 23.4 ஆயிற்று. எடையின் வகையை முழு எண்ணுக்கான இன்ட்டிலிருந்து தசம எண்ணுக்கான டபுளுக்கு மாற்றினேன். ரீஆலக் வரியில் மட்டும் பழைய சைஸ்ஆஃப் இன்ட், அதாவது ஓர் இன்ட்டின் பைட் அளவு, அப்படியே இருந்தது. கேட்டது ஒன்றுக்கு 4 பைட், எழுதியது 8 பைட். பாதிக்கு மேல் ஏறியதும் பக்கத்துவீட்டுச் சுவர். அதிலிருந்து, சைஸ்ஆஃபுக்குள் வகையின் பெயரை எழுதுவதை விட்டுவிட்டேன். அந்தப் பாயின்டர் சுட்டும் பொருளின் அளவு என்றே எழுதுகிறேன். வகை மாறினால் அளவும் கூடவே மாறிக்கொள்ளும்.

இரட்டிப்பு சரியாக ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வினோதம் நீடித்தது. கடைசி எடையைத் திரையின் மேலே பெரிய எழுத்தில் காட்டவேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அதற்காக அடுக்கின் உச்சியில் இருக்கும் எடையின் முகவரியை ஒரு பாயின்டரில் வைத்திருந்தேன். பெரும்பாலும் சரியாகக் காட்டும். எப்போதாவது, ஒன்பதாவது சாக்கிலோ பதினேழாவதிலோ, குப்பையாக ஓர் எண் வரும். எண்களைப் பாருங்கள்: 8 நிறைந்தபின் 9, 16 நிறைந்தபின் 17. ரீஆலக் வீட்டை மாற்றிய தருணங்கள் அவை. திரை மட்டும் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ. சுவரைத் திறந்தே இடம் கிடைத்த நாட்களில் கதவு எண் மாறாததால் எல்லாம் சரியாக இருந்தது, அதனால்தான் தினமும் வரவில்லை. வளரும் அடுக்கின் உள்ளே இருக்கும் எதன் முகவரியையும் அடுத்த புஷ்ஷைத் தாண்டி வைத்துக்கொள்ளக் கூடாது. எத்தனையாவது என்ற எண்ணை வைத்துக்கொள்ளலாம், அல்லது மதிப்பையே நகலெடுத்துக்கொள்ளலாம்.

பாப் செய்யும்போது நினைவகம் திரும்புமா என்று மாணவர்கள் கேட்பார்கள். இந்த வகை அடுக்கில் திரும்பாது. எண்ணிக்கை ஒன்று குறையும், அவ்வளவுதான். காலி இடம் அடுத்த புஷ்ஷுக்குக் காத்திருக்கும். மிகவும் காலியானால் சுருக்கலாம், ஆனால் பாதி காலியானதும் பாதியாகச் சுருக்கக் கூடாது. அந்த எல்லையில் ஒரு புஷ், ஒரு பாப், ஒரு புஷ் என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் வீடு மாற்றிக்கொண்டே இருப்போம். கால்பங்குதான் நிறைந்திருக்கிறது என்னும்போது பாதியாகச் சுருக்கினால் இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கும். பூஜ்யம் வரை மட்டும் சுருக்கவேண்டாம். பூஜ்ய அளவு கேட்டு ரீஆலக்கை அழைத்தால் என்ன ஆகும் என்பதில் முன்பு ஆளுக்கொரு நடைமுறை இருந்தது. சி மொழித் தரநிலையின் புதிய பதிப்பான சி23 அதை வரையறுக்கப்படாத செயல், அதாவது என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், என்றே சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், பெரும்பாலான புரோகிராம்களுக்குச் சுருக்கவே தேவையில்லை. நேற்று 200 சாக்கு வந்த செட்டுக்கு இன்றும் அந்த இடம் வேண்டியிருக்கும்.

பாடப்புத்தகங்கள் இன்னொரு வழியை விரும்பிச் சொல்லித்தரும்: இணைப்புப் பட்டியல். ஒவ்வொரு எடைக்கும் தனியாக ஒரு மாலக், ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருப்பதன் முகவரியை வைத்திருக்கும். பாப் செய்தால் உண்மையாகவே ஒரு ஃப்ரீ. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 64 பிட் லினக்ஸில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 பைட் எடை, 8 பைட் முகவரி, நடுவில் நிரப்பாக விடும் 4 பைட் வெற்றிடம், ஆக 16 பைட். அதன்மேல் மாலக்கின் பதிவேடும் சேர்ந்து குனு லைப்ரரியில் 32 பைட் போகும். ஆயிரம் முழு எண்களுக்கு 32,000 பைட், அர்ரே அடுக்கில் இதுவே 4,096. இடம் மட்டுமல்ல, சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடக்கும் நேரமும் கூடும். எந்த ஒரு புஷ்ஷும் திடீரென்று மெதுவாகக் கூடாது என்றாலோ, உள்ளே வைத்த பொருள் இடம் மாறவே கூடாது என்றாலோ இணைப்புப் பட்டியல் எடுக்கலாம். மற்றபடி நான் அர்ரேயின் பக்கம். பட்டியலைக் கலைக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: அடுத்ததன் முகவரியை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் ஃப்ரீ. முதலில் ஃப்ரீ செய்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், காலி செய்த வீட்டுக்குள் நுழைவதுதான்.

இதுவரை அடுக்குக்குள் இருந்தவை வெறும் எண்கள். மாமா அடுத்துக் கேட்டது பெயர்கள். யாருடைய சாக்கு என்றும் வேண்டும். இங்கேதான் கடினமான கேள்வி வருகிறது என்று நினைக்கிறேன், ரீஆலக்கில் அல்ல. பெயரைத் தட்டச்சு செய்யும் இடம் ஒரு பஃபர். அதன் முகவரியை அடுக்கில் புஷ் செய்தேன். பத்துப் பேர் வந்த பிறகு பட்டியலைக் காட்டச் சொன்னால் பத்து வரியிலும் ஒரே பெயர், கடைசியாக வந்தவருடையது. அடுக்கில் ஏறியவை பத்துப் பெயர்கள் அல்ல, ஒரே பஃபரின் முகவரி பத்து முறை. ஒவ்வொரு பெயருக்கும் அதன் நீளத்தோடு, பெயர் இங்கே முடிகிறது என்று காட்டும் குறிக்காக ஒரு பைட் கூட்டி, தனி இடம் வாங்கி நகலெடுக்கவேண்டும். ஸ்ட்ர்டப் இதை ஒரே வரியில் செய்யும். யூனிக்ஸ் உலகில் வெகுகாலமாக இருந்த அது சி23-இல்தான் மொழியின் தரநிலைக்குள்ளேயே வந்தது.

நகலெடுத்த அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவர் யார்? அடுக்கா, பாப் செய்து வாங்கிக்கொண்டவரா? இரண்டு பேரும் செய்தால் ஒரே வீட்டை இரண்டு முறை காலி செய்வதாகும், புரோகிராம் எந்த நேரமும் விழலாம். இரண்டு பேரும் விட்டுவிட்டால் அந்த இடம் யாருக்கும் இல்லாமல் கிடக்கும். சி மொழியின் இலக்கணத்தில் இதற்கு விடை இல்லை, கம்பைலரும் கேட்பதில்லை. பாயின்டர் என்பது வெறும் முகவரி, சொந்தக்காரர் யார் என்று அதில் எழுதியிருக்காது. ஆகவே புஷ்ஷின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே இதை முடிவு செய்து எழுதி வைக்கவேண்டும். என் ஹெடர் கோப்பின் தலையில் இப்போது மூன்று வரி இருக்கிறது: புஷ் பெயரை நகலெடுக்கும், கொடுத்தவருடைய பெயர் கொடுத்தவரிடமே இருக்கும். பாப் திருப்பும் பெயரை வாங்கியவரே ஃப்ரீ செய்யவேண்டும். அடுக்கைக் கலைக்கும்போது உள்ளே மீதமுள்ள பெயர்களை அடுக்கே ஃப்ரீ செய்யும், பெயர்களை முதலில், அவற்றைத் தாங்கிய அர்ரேயை அதன்பின். இந்த மூன்று வரியை எழுதிய பிறகு மற்ற நிரல் தானாக ஒழுங்குக்கு வந்தது என்பதை உணர்ந்து சொல்கிறேன்.

ஃப்ரீ செய்ததும் பாயின்டரில் நல் என்று எழுதிவிடுங்கள் என்பார்கள். நல்ல பழக்கம்தான், நல்லை ஃப்ரீ செய்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே முகவரி இன்னோரிடத்தில் நகலாக இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். சொந்தக்காரரை முடிவு செய்யாதவருக்கு நல் எழுதுவது துணை வராது.

செட்டில் புரோகிராம் காலையிலிருந்து இரவுவரை, சில நேரம் வாரக்கணக்கில், அணைக்காமல் ஓடும். நாள் முடிந்ததும் புதிய நாளைத் தொடங்கும் செயற்கூறில் பாயின்டரை நல் ஆக்கி, எண்ணிக்கைகளைப் பூஜ்யமாக்கியிருந்தேன். ஃப்ரீ இல்லை. நாளுக்கு ஒரு சில கிலோபைட் கசிவு. யாரும் கவனிக்கமாட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. காட்டிக் கொடுத்தது வால்கிரின்ட். 2002-இல் ஜூலியன் செவார்டின் முயற்சியில் வெளிவந்த கருவி இது. புரோகிராமைத் தன் மேற்பார்வையில் ஓட்டி, எந்த வரியில் வாங்கிய இடம் திரும்பவில்லை என்று முடிவில் பட்டியல் போடும். ஓட்டம் பல மடங்கு மெதுவாகும். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் இன்னொரு கருவியான அட்ரஸ் சானிடைசர் அதைவிட வேகம், கம்பைல் செய்யும்போதே சேர்த்துவிடலாம். திரையில் குப்பை எண் வந்த அந்தப் பழைய பிழையை வைத்து அதை ஓட்டிப் பார்த்தேன். எந்த வரியில் படித்தோம், அந்த இடத்தை யார் வாங்கினார்கள், எந்த ரீஆலக் அதைக் காலி செய்தது என்று மூன்றையும் வரி எண்ணோடு சொன்னது.

ஆனால் என் முதல் பிழையை, அந்த 46-ஐ, இந்த இரண்டுமே பிடிக்கவில்லை. காரணம் எளிது. அர்ரேயும் மொத்தமும் ஒரே ஸ்ட்ரக்டுக்குள், ஒரே வீட்டின் இரண்டு அறைகள். கருவிகள் காவல் காப்பது வீட்டு எல்லையை. வரவேற்பறையிலிருந்து சமையலறைக்குப் போனால் அவை தடுப்பதில்லை. அர்ரேயின் அளவு நிரலிலேயே எழுதியிருப்பதால், வரையறுக்கப்படாத செயல்களைத் தேடும் இன்னொரு சானிடைசரின் எல்லைச் சோதனை அதைப் பிடிக்கும். ஆகவே இவற்றில் ஒன்றை மட்டும் ஓட்டிவிட்டுப் பிழை இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

இடம் கிடைக்காமல் போகும் பாதைதான் கடைசிவரை சோதிக்கப்படாமல் கிடந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் மாலக் தோற்பதைப் பார்க்க ஒரு வருடம் காத்திருந்தாலும் வராது. அதனால் மாலக்குக்கும் ரீஆலக்குக்கும் மேலே ஒரு மெல்லிய உறை எழுதினேன். எத்தனையாவது அழைப்பில் தோற்கவேண்டும் என்று அதற்குச் சொல்லலாம். முதல் ஓட்டத்தில் முதல் அழைப்பு தோற்கும், இரண்டாவது ஓட்டத்தில் இரண்டாவது, இப்படியே கடைசிவரை. ஒவ்வொரு ஓட்டத்தையும் வால்கிரின்ட்டின் கீழ் விட்டேன். இரண்டாவது ஓட்டத்திலேயே கசிவு என்று வந்தது. பெயரைப் புஷ் செய்யும்போது முதலில் நகலெடுத்தேன், அந்த மாலக் வென்றது. அடுத்து அர்ரேயை வளர்க்கக் கேட்ட ரீஆலக் தோற்றது. அடுக்கு பழையபடியே இருந்தது, தோல்வி என்றும் ஒழுங்காகத் திரும்பியது. நகலெடுத்த பெயர் மட்டும் யார் கையிலும் இல்லாமல் நின்றது. தோல்விப் பாதையில் ஒரு ஃப்ரீ சேர்த்துச் சரிசெய்திருக்கலாம். அதற்குப் பதில் வரிசையை மாற்றினேன்: முதலில் அர்ரேயில் இடம் உறுதியாகட்டும், அப்புறம் பெயர் நகலாகட்டும், இரண்டும் கிடைத்த பிறகே எண்ணிக்கை கூடட்டும். இப்போது நகல் தோற்றாலும், அர்ரேயில் கூடுதலாக வாங்கிய இடம் அடுக்கின் கையிலேயே அடுத்த புஷ்ஷுக்காக இருக்கிறது. அந்த ஃப்ரீ வரியே தேவைப்படவில்லை.